'வகுத்த பொதுப்பொறுப்பு': காலநிலை உடன்படிக்கைத் தொடருக்கு ஒரு பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம்.

1992இல் உருவான ஐ.நா. காலநிலை உடன்படிக்கையின் 3ஆம் விதியில், காலநிலை மாற்றத்தைத் தடுப்பதில் நாடுகளின் பங்கைச் சொல்லும் 'common but differentiated responsibilities and respective capabilities' என்ற தொடரின் முற்பகுதியை 'பொதுவான ஆனால் வேறுபட்ட பொறுப்புகள்' என்று நேற்றைய மடலில் தமிழாக்கியிருந்தீர்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 'ஆனால்' வந்ததுமே முன்னால் சொன்ன 'பொது' வலுவிழக்கிறது. 'வேறுபட்ட' என்பது தானாகவே வேறாக இருப்பது. இங்கோ நாடுகள் கூடிப் பேசி யாருக்கு எவ்வளவு என்று பிரித்திருக்கின்றன. அந்தச் செயல் சொல்லில் தெரிய வேண்டும்.

எங்கள் ஊரில் கண்மாய்க் கரை உடைந்தால் ஆயக்கட்டில் நிலமுள்ள ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் போக வேண்டும். அரை ஏக்கர்க்காரர் தானே மண்வெட்டியோடு வந்து நிற்பார். பத்து ஏக்கர்க்காரர் நான்கு ஆளும் ஒரு வண்டியும் அனுப்புவார். விலக்கு யாருக்கும் கிடையாது. எல்லோருக்கும் ஒரே அளவும் கிடையாது. பெரியவர்கள் கூடி வேலையை வகுத்துக் கொடுப்பார்கள். எனவே 'வகுத்த பொதுப்பொறுப்பு'.

வகுத்ததை மறுபடியும் வகுக்கலாம் என்பது இச்சொல்லின் பெரிய பலம். இந்த உடன்படிக்கையின் கீழ் வந்த 1997 கியோட்டோ நெறிமுறை, புவியைச் சூடாக்கும் வாயுக்களின் உமிழ்வைக் குறைக்க வளர்ந்த நாடுகளுக்கு மட்டுமே கட்டாய இலக்கு வைத்தது. வளரும் நாடுகளைக் கட்டுப்படுத்தாத ஒப்பந்தம் வேண்டாம் என்று அமெரிக்க செனட் அதற்குச் சில மாதங்கள் முன்பே 95–0 என வாக்களித்திருந்தது. யாருக்கு எவ்வளவு என்ற கணக்கும் எளிதல்ல. இன்று ஆண்டு உமிழ்வில் சீனா முதலிடத்தில் இருக்கிறது. ஆனால் இந்தியாவில் தலைக்கு ஏறத்தாழ 2 டன் கரியமில வாயு. அமெரிக்காவில் அதைப்போல் ஏழு மடங்கு. 2015இல் பாரிஸ் ஒப்பந்தத்தில், வளரும் நாடுகளும் தங்கள் இலக்கைத் தாங்களே அறிவிக்க ஒப்புக்கொண்டன. பொறுப்பு பொதுவாகவே இருக்க, வகுத்த முறைதான் மாறியது. 'வேறுபட்ட' இதைச் சொல்லாது.

'பொறுப்பு' எதற்கு, 'கடமை' போதாதா என்றும் கேட்டிருந்தீர்கள். போதாது. 'கடமை' இனிச் செய்ய வேண்டியதை மட்டுமே சுட்டும். இருநூறு ஆண்டுகளாக எரித்த நிலக்கரிக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அதில் மறைந்துவிடும். அதே 1992இல் ஐ.நா.வின் ரியோ மாநாட்டில் வெளியான ரியோ பிரகடனத்தில், இதே பொறுப்பைச் சொல்லும் 7ஆம் கோட்பாட்டைத் தன் மீதான சட்டப் பொறுப்பாக வாசிக்கக் கூடாதென்று அமெரிக்கா தனிக் குறிப்பே பதிவு செய்தது. அவ்வளவு கனமான சொல்லை நாம் இலேசாக்க வேண்டாம்.

தொடரின் பிற்பகுதியான 'respective capabilities' என்பதற்கு 'அவரவர் இயலளவு' பொருந்தும். 'திறன்' என்று எழுதினால் ஏழை நாடுகள் திறமையற்றவை என்று தொனிக்கிறது.

'வகுபொறுப்பு' என்று சுருக்கலாம் எனச் சிலர் சொல்லக்கூடும். 'பொது' விடுபடுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். மற்றவர்கள் கருத்தை எழுதுங்கள்.