தாத்தா சதாபிஷேகம், திருக்கடையூர் (குடும்பக் குழு)

காலை 7:10

சேகர்: அனைவருக்கும் வணக்கம். திருக்கடையூரில் அறை போட ஓர் இணையதளம் கிடைத்திருக்கிறது. அறை, சாப்பாடு, மாலை, கலசம் எல்லாம் சேர்த்து ஒரே தொகை. கீழே உள்ள லிங்க்கைத் தொட்டு அவரவர் படிவத்தை நிரப்புங்கள். ஆதார் முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் வேண்டும். அப்பா, அம்மா இருவருடையதையும் நான் ஏற்றிவிட்டேன். முடியாதவர்கள் இங்கேயே போட்டோ போடுங்கள், நான் ஏற்றிக்கொள்கிறேன். இன்று இரவுக்குள்.

ராமநாதன்: (படம்)

ராமநாதன்: (படம்)

ராமநாதன்: என்னுடையது இரண்டு பக்கமும். மங்களத்துடையது பீரோவில் இருக்கிறது, அப்புறம்.

முத்து: அப்பா, இங்கே ஏன் போட்டீர்கள்

மீனா: வேன் மன்னார்குடியிலிருந்தா, சென்னையிலிருந்தா?

ராஜி: எனக்குக் கீழ்த்தளத்தில் ரூம் வேண்டும், இப்போதே சொல்லிவிட்டேன். அறுபதாம் கல்யாணத்தில் மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்ததை என் மாமியார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

சேகர்: இருபது வருஷம் ஆகிவிட்டது ராஜி.

ராஜி: ஆகட்டும்.

கவிதா: பெரியப்பா, அந்த இரண்டு படத்தையும் உடனே நீக்கிவிடுங்கள். படத்தை அழுத்திப் பிடித்தால் எல்லோருக்கும் நீக்கும் வசதி வரும். இந்தக் குழுவில் சமையல்காரர், போட்டோகிராபர் எல்லோரும் இருக்கிறார்கள். பலருடைய போனில் படம் தானாகவே கேலரியில் இறங்கியிருக்கும், தயவுசெய்து அங்கேயும் பார்த்து அழித்துவிடுங்கள். சித்தப்பா, நீங்கள் அனுப்பிய படிவத்தைத் திறந்து பார்த்தேன். ஆதார், பான், பிறந்த தேதி, கல்யாண நாள், மாத வருமானம், பிள்ளைகள் படிக்கும் பள்ளி வரை கேட்கிறார்கள். இரண்டு நாள் தங்கும் அறைக்கு வருமானமும் பள்ளிக்கூடமும் எதற்கு? கடைசியில் ஒரு கட்டம் இருக்கிறது, 'என் விவரங்களைக் கூட்டாளி நிறுவனங்களுடன் பகிரச் சம்மதம்' என்று. அதில் அவர்களே டிக் போட்டு வைத்திருக்கிறார்கள்.

பாபு: ஐயோ

ராமநாதன்: நீக்கிவிட்டேன். முத்து வந்து காட்டிக்கொடுத்தான்.

சேகர்: எல்லாத் தளத்திலும் இப்படித்தான் கேட்கிறார்கள் கவிதா. மேலே பூட்டுப் படம் இருக்கிறது. பாதுகாப்பான தளம்தான்.

கவிதா: பூட்டுக்கு அர்த்தம் வேறு சித்தப்பா. நம் போனிலிருந்து அந்தத் தளத்துக்குப் போகிற வழியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது, அவ்வளவுதான். போய்ச் சேர்ந்த பிறகு அந்தத் தளத்துக்காரர் என்ன செய்வார் என்பதற்குப் பூட்டு பொறுப்பில்லை. அதற்குத்தான் தளத்தின் அடியில் தனியுரிமைக் கொள்கை என்று ஒரு பக்கம் இருக்கும். என்னென்ன வாங்குகிறோம், எதற்கு வாங்குகிறோம், யாருக்குக் கொடுப்போம், எத்தனை நாள் வைத்திருப்போம், அழிக்கச் சொன்னால் யாரிடம் சொல்ல வேண்டும், இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். இங்கே ஒரு பக்கம் இருக்கிறது. ஆனால் அது ஏதோ செருப்புக் கடைத் தளத்திலிருந்து எடுத்து ஒட்டியது. 'அளவு சரியில்லை என்றால் ஏழு நாளில் திருப்பித் தரலாம்' என்று அதில் எழுதியிருக்கிறது. முகவரி இல்லை, புகார் சொல்ல ஆள் பெயர் இல்லை.

முத்து: செருப்பா

பாபு: சதாபிஷேகத்துக்குச் செருப்பு 😂

சேகர்: இது கோயில் தளம் என்றுதானே நினைத்தேன். கோபுரப் படம் போட்டிருக்கிறான்.

கவிதா: கோபுரப் படம் யார் வேண்டுமானாலும் போடலாம். அறநிலையத் துறைத் தளத்தின் முகவரி 'டிஎன் டாட் கவ் டாட் இன்' என்று முடியும். இது 'டாட் காம்', தனியார்.

காலை 8:25

மீனா: அந்த லிங்க்கைத் திறந்ததிலிருந்து எனக்குப் பட்டுப்புடவை விளம்பரமாகவே வருகிறது. அதில் ஒரு மாம்பழ மஞ்சள் அரக்கு பார்டர் நன்றாக இருக்கிறது. ராஜி, பார்க்கிறாயா?

ராஜி: அனுப்பு

முத்து: போன் நாம் பேசுவதை ஒட்டுக்கேட்கிறதோ?

கவிதா: ஒட்டுக்கேட்க வேண்டிய தேவையே இல்லை அண்ணா. குக்கீ என்று ஒரு சின்னக் குறிப்பைத் தளம் நம் போனில் எழுதிவைக்கும். 1994இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மொண்டுல்லி என்பவர் கொண்டுவந்தது. வாங்கப் போகும் பொருள் கூடையில் இருப்பதைத் தளம் மறக்காமல் இருக்க வேண்டும், அதற்காகத்தான். அப்புறம் விளம்பரக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே விளம்பர நிறுவனத்தின் குறிப்பு பல தளங்களில் இருக்கும். சித்தி இங்கே சதாபிஷேகம் பார்த்தால் அடுத்த தளத்தில் புடவை காட்டுவார்கள். போன் பிரவுசர் அமைப்பில் போய் மூன்றாம் தரப்புக் குக்கீயை, அதாவது இப்படி வெளி விளம்பரக்காரர்கள் வைக்கும் குறிப்பை, நிறுத்தி வைக்கலாம்.

மீனா: நிறுத்தினால் அந்தப் புடவை போய்விடுமா?

பாபு: சித்தி 🙏

ராமநாதன்: சட்டம் ஒன்றும் கிடையாதா இதற்கு? முப்பது வருஷம் அரசாங்கத்தில் இருந்தவன் கேட்கிறேன்.

கவிதா: இருக்கிறது பெரியப்பா. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தில் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். வழக்குப் போட்டவர் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி. 2012இல் வழக்குப் போட்டபோது அவருக்கு வயது 86, ஆதாரை எதிர்த்துத்தான் போட்டார். அப்புறம் 2023 ஆகஸ்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சம்மதம் என்றால் நாமே தெரிந்து கொடுத்ததாக இருக்க வேண்டும், அவர்கள் முன்கூட்டியே டிக் போட்டு வைப்பது சம்மதம் ஆகாது. கொடுப்பது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். வேலைக்குத் தேவையானதை மட்டும்தான் கேட்கலாம். சட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது: போன் வழியாக மருத்துவம் பார்க்கிற செயலி நம் போனில் உள்ள எண்களை எல்லாம் கேட்டால், நாம் சரி என்று சொன்னாலும் அந்தச் சம்மதம் செல்லாது. நமக்குத் தரும் அறிவிப்பைத் தமிழில் கேட்டு வாங்கலாம். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம்.

ராமநாதன்: பிறகென்ன, பிடித்துக் கொடுத்துவிடலாமே.

கவிதா: விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்கள் செய்ய வேண்டியவற்றில் பெரும்பகுதிக்கு அதிலிருந்து 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். 2027 மே ஆகிவிடும்.

சேகர்: அதற்குள் சதாபிஷேகம் முடிந்துவிடும். சட்டம் பேசிக்கொண்டிருந்தால் அறை போய்விடும், முகூர்த்த நாள். நானும் யாராவது செய்வார்களா என்று எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது?

வாசு: 👍

சேகர்: எதற்கு அண்ணா 👍?

காலை 9:02

ராஜி: ஒன்று சொல்கிறேன், யாரும் கோபப்படக் கூடாது. போன மாதம் அப்பாவுக்கு ஒரு போன் வந்தது. பென்ஷன் ஆபீஸ் என்றான். அப்பா பெயர், பிறந்த வருஷம், எந்த பேங்க், எல்லாம் அவனே சொன்னான். உயிர்ச் சான்றிதழ் பதிவாகவில்லை, ஓடிபி சொல்லுங்கள் என்றான். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ணைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். நான் காபி கொடுக்கப் போனதால் பிடுங்கி வைத்தேன்.

மீனா: என்ன ராஜி இது

சேகர்: என்னிடம் ஏன் சொல்லவில்லை?

ராஜி: சொன்னால் நீ அப்பாவிடமிருந்து போனை வாங்கி வைத்துவிடுவாய். அவருக்கு இருக்கிற ஒரே பொழுது அதுதான்.

கவிதா: அத்தை, நான் காலையிலிருந்து இவ்வளவு எழுதுவது இதற்காகத்தான். பெயரும் வயதும் பேங்கும் சரியாகச் சொல்கிறவனைத் தாத்தா எப்படிச் சந்தேகப்படுவார்? தாத்தாவை ஏமாற்றத் தேவையான எல்லாமே அந்தப் படிவத்தில் ஒரே இடத்தில் இருக்கிறது. இனிமேல் பணம் ஏதாவது போனால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள். இன்று மாலை வீட்டுக்கு வந்து தாத்தா, பாட்டி ஆதாரில் கைரேகையை வேறு யாரும் பயன்படுத்த முடியாதபடி பூட்டி வைக்கிறேன்.

முத்து: அப்படியானால் அறைக்கு என்ன கொடுப்பது?

கவிதா: விடுதியில் போய் இறங்கும்போது அடையாள அட்டையைக் காட்டினால் போதும். ஓட்டுநர் உரிமமோ வாக்காளர் அட்டையோ காட்டலாமா என்று கேளுங்கள். ஆதார்தான் வேண்டும் என்றால் ஆதார் ஆணையத் தளத்தில் மறைத்த ஆதார் என்று தருகிறார்கள். முதல் 8 எண் தெரியாது, கடைசி 4 மட்டும் தெரியும். இறக்கும்போது அதற்கான கட்டத்தில் டிக் போட வேண்டும்.

பாபு: நான் எல்லோருக்கும் இறக்கித் தருகிறேன். ஓடிபி மட்டும் சொல்லுங்கள்

ராஜி: டேய்

பாபு: நேரில் வந்து அம்மா, நேரில்

முத்து: தாத்தா, பாட்டி இரண்டு பேர் ஆதாரிலும் பிறந்த நாள் ஜனவரி 1 என்றுதான் இருக்கிறது, கவனித்தீர்களா?

மீனா: அப்படியானால் 80 எந்தக் கணக்கில்?

ராமநாதன்: ஜாதக நோட்டுக் கணக்கில். மாசி, உத்திரட்டாதி.

ராஜி: பூரட்டாதி என்று அம்மா சொன்னாள்.

சேகர்: அண்ணா, நோட்டு உங்களிடம்தானே இருக்கிறது? பங்கு பிரித்தபோது எடுத்துப் போனீர்கள்.

ராமநாதன்: அப்பா கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். பீரோவில் பார்க்கிறேன்.

காலை 10:40

கவிதா: சித்தப்பா, அந்தத் தளத்துக்கு உங்கள் மின்னஞ்சலிலிருந்து இதை அனுப்புங்கள்: "என் பெற்றோரின் ஆதார் படங்களையும் மற்ற விவரங்களையும் உங்களிடம் பதிந்திருந்தேன். சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன். அவற்றை அழித்துவிட்டு, வேறு யாருக்காவது கொடுத்திருந்தால் அவர்கள் யார் என்பதையும் எழுதித் தெரிவிக்கவும்." அனுப்பியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

சேகர்: அனுப்பிவிட்டேன். முன்பணம் 2,000 கட்டியிருக்கிறேன், அதையும் கேட்டிருக்கிறேன். சன்னதித் தெருவில் முத்து சொன்ன லாட்ஜுக்கும் போன் போட்டேன், எடுக்கவில்லை.

முத்து: மதியம் எடுப்பார்கள்

ராஜி: கீழ்த்தளம் என்று சொல். லிப்ட் இருந்தாலும் கீழ்த்தளம்.

மீனா: வேன் விஷயம் யாரும் சொல்லவில்லையே?

ராமநாதன்: நோட்டு கிடைத்துவிட்டது. எழுத்து மங்கலாக இருக்கிறது. போட்டோ போடட்டுமா?

கவிதா: எனக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள் பெரியப்பா.