விண்டோஸ் 10-ஐ விட்டு 11-க்குப் போயே ஆகவேண்டுமா? உதவுங்கள்

கயல்:
வீட்டில் இருப்பது 2017-இல் வாங்கிய லேப்டாப். ஐ5 7200யு, 4 ஜிபி ரேம், ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. பிராசஸர் விண்டோஸ் 11-க்குச் சரிவராது என்கிறது மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலி. அப்பா இதில்தான் ஊர்க் கோவில் திருவிழா நோட்டீஸை பேஜ்மேக்கர் 7 என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், வானவில் என்ற தமிழ் எழுத்துருவில் செய்கிறார். ஆன் ஆகவே ஐந்து நிமிடம் பிடிக்கிறது. கடையில் புதுசு வாங்கச் சொல்கிறார்கள். 11-இல் அப்பாவுக்கு உதவும்படி ஏதாவது இருக்கிறதா?

பனையோலை:
அவர் வேலைக்கு என்றால், பெரிதாக ஒன்றுமில்லை. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் டேப் வந்தது, ஆர்ஏஆர் என்ற சுருக்கிய ஃபைலைத் தனி மென்பொருள் இல்லாமல் திறக்கலாம். நல்லவைதான், ஆனால் அதற்காக லேப்டாப் மாற்றுவார்களா? எக்ஸ்பியிலிருந்து 7-க்கு வந்தபோது தெரிந்த வித்தியாசம் இப்போது இல்லை. மெதுவாக இருப்பதற்கு முதல் காரணம் ஹார்டு டிஸ்க். அதற்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி போடுங்கள், ரேமை 8 ஆக்குங்கள்.

தெற்குவாசல்:
விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போட்டுவிடுங்கள். இலவசம், பழைய கணினியிலும் நன்றாக ஓடும்.

பனையோலை:
அண்ணா, பேஜ்மேக்கர் லினக்ஸில் நேரடியாக ஓடாது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் வழியாக முயலலாம், ஆனால் திருவிழா நேரத்தில் பெரியவரை அந்தப் பாடு படுத்த வேண்டாம். வானவில் எழுத்துரு, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறையிலும் இல்லை. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் முழுக்க ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும்.

கயல்:
அப்படியானால் 10-லேயே இருந்துவிடலாமா?

ஆடிக்காற்று:
இருக்கலாம், ஆனால் அப்டேட் இல்லாமல் இருக்காதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. புது வசதி வராவிட்டால் நஷ்டமில்லை, பாதுகாப்பு ஓட்டையை அடைக்காமல் விட்டால்தான் ஆபத்து. 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னக்ரை வைரஸ் பரவியது நினைவிருக்கிறதா? அது நுழைந்த ஓட்டைக்கு மார்ச் மாதமே பேட்ச், அதாவது அதை அடைக்கும் அப்டேட், வந்துவிட்டது. அதைப் போடாத கணினிகள்தான் அதிகம் மாட்டின.

வீட்டுக் கணினிகளுக்கு, நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை உண்டு. முதலில் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கம் போனால் பதிவு செய்யும் இணைப்பு இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கு தேவை. செட்டிங்ஸை அந்தக் கணக்கில் பேக்கப் ஆக விட்டால் பணம் கட்ட வேண்டாம்.

எஸ்எஸ்டி மாற்றும் முன் அப்பாவின் ஃபைல்களோடு வானவில் எழுத்துருவையும் பென் டிரைவில் எடுத்துவையுங்கள். அதைத்தான் பலர் மறக்கிறார்கள். நோட்டீஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடிஎஃப் பிரதியும் இருக்கட்டும்.

கயல்:
எஸ்எஸ்டியும் ரேமும் போட்டாயிற்று, பதிவும் செய்துவிட்டேன். இப்போது அரை நிமிடத்தில் ஆன் ஆகிறது. அப்பா பழைய நோட்டீஸ்களை ஒவ்வொன்றாகத் திறந்து பிடிஎஃப் ஆக்கிக்கொண்டிருக்கிறார், 2009 வரை வந்துவிட்டார். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.