கலைச்சொல் விவாதம்: மண்ணும் பாறையும் தம் எடையால் கீழிறங்குவதற்கு ஒரு பொதுச்சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆறோ காற்றோ பனியாறோ சுமந்து செல்லாமல், புவியீர்ப்பால் மட்டுமே மண்ணும் பாறையும் மலைச்சரிவில் இறங்குகின்றனவே, அந்த நிகழ்வுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பொதுச்சொல் வேண்டும் என்பதுதான் கேள்வி. இதுவரை வந்தவை நிலச்சரிவு, நிறை நகர்வு, நிலப்பெயர்வு. மூன்றுமே எனக்கு ஒத்துவரவில்லை.

> நிலச்சரிவு என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே?

தெரிந்த சொல் என்பதுதான் சிக்கல். அதைக் கேட்டதும் மலை ஒரு பக்கம் சட்டென்று சரிந்து வீடுகளை மூடும் காட்சிதான் மனதில் வருகிறது. ஆனால் 1978-இல் டேவிட் வார்ன்ஸ் என்ற அமெரிக்க நிலவியலாளர் செய்த பகுப்பில் விழுதல், கவிழ்தல், சறுக்குதல், பக்கவாட்டில் பரவுதல், பாய்தல் என்று அசைவுகள் தனித்தனியாக இருக்கின்றன. மேட்டுப்பாளையம் மலை ரயில் பாதையில் ஒற்றைப் பாறை பெயர்ந்து தண்டவாளத்தில் விழுந்தாலும் நம் செய்திகளில் அது மண்சரிவுதான். மறுபக்கம், மெதுவாக நடப்பதற்கு நம்மிடம் பெயரே இல்லை. குன்னூர்ப் பக்கம் சரிவில் நட்ட பழைய வேலிக்கற்களைப் பாருங்கள், பல இடங்களில் வரிசையாகப் பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும். மழையில் மண் உப்பும்போது சரிவுக்குச் செங்குத்தாக வெளியே தள்ளுகிறது. காயும்போது நேர்கீழாக அமர்கிறது. ஒவ்வொரு முறை நனைந்து காயும்போதும் இம்மியளவு இறக்கம்; ஆண்டு முழுவதும் சேர்ந்தால் பெரும்பாலும் சில மில்லிமீட்டர். மேல்மண் அதிகமாகவும் அடிமண் குறைவாகவும் நகர்வதால் கல் சாய்கிறது. இதை யாரும் நிலச்சரிவு என்று சொல்ல மாட்டார்கள்.

மெதுவானதும் வேகமானதும் வேறு வேறு நிகழ்வுகள், தனித்தனிப் பெயர் போதும் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அவருக்கு இத்தாலியின் வயோந்த் அணையைத்தான் காட்ட வேண்டும். நீர்த்தேக்கத்தை நிரப்பத் தொடங்கிய 1960-இலேயே அதன் கரையிலிருந்த டோக் மலையின் சரிவில் சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்கு விரிசல் விட்டது. நீர்மட்டத்தை ஏற்றினால் மலை வேகமாக ஊரும், இறக்கினால் தணியும். பொறியாளர்கள் இதை அளந்துகொண்டே இருந்தார்கள், நீர்மட்டத்தை வைத்தே மலையைக் கட்டுப்படுத்திவிடலாம் என்று நம்பினார்கள். கடைசி நாட்களில் ஒரு நாளைக்கு 20 சென்டிமீட்டர் வரை நகர்ந்தது. 1963 அக்டோபர் 9 இரவு சுமார் 27 கோடி கன மீட்டர் பாறை ஒரு நிமிடத்துக்குள் நீர்த்தேக்கத்தில் இறங்கியது. அணை உடையவில்லை, அதைத் தாண்டிக் குதித்த நீர் கீழே இருந்த ஊர்களை அடித்துச் சென்று கிட்டத்தட்ட 2,000 பேரைக் கொன்றது. மூன்று ஆண்டுகள் ஊர்ந்ததும் அந்தப் பாறைதான், ஒரு நிமிடத்தில் சறுக்கியதும் அதேதான். இரண்டுக்கும் ஒரு தாய்ச்சொல் இல்லாத பாடநூலில் மாணவர் இந்தத் தொடர்பை எங்கே போய்ப் பிடிப்பார்?

அப்புறம் 'நிறை நகர்வு'. தமிழ்நாட்டு இயற்பியலில் நிறை என்பது பொருளின் அளவு, எடை என்பது ஈர்ப்பு விசை. இலங்கைப் பாடநூல்களில் முதலாவது திணிவு, நிறை என்பதோ ஈர்ப்பு விசை. ஒரே சொல் பாக் நீரிணைக்கு இரு கரையிலும் வேறு பொருள் தரும்போது அதன் மேல் புதுச்சொல் கட்டக் கூடாது. நிலப்பெயர்வு பரவாயில்லை, ஆனால் நிலநடுக்கத்தில் தரை இடம் மாறுவதற்கும் அது பொருந்திவிடும்.

என் பரிந்துரை: தன்னெடைப் பெயர்வு.

'பெயர்வு' மக்களின் சொல். பாறை பெயர்ந்து விழுந்தது, சுவர் பெயர்ந்து நிற்கிறது என்று தினமும் சொல்கிறோம். 'தன்னெடை' என்பதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம், சரிவில் இருக்கும் மண்ணைப் பிடித்து வைப்பதும் அதன் எடைதான், இழுத்துச் செல்வதும் அதன் எடைதான். எடையின் ஒரு கூறு மண்ணைச் சரிவின் மீது அழுத்தி உராய்வைத் தருகிறது. இன்னொரு கூறு சரிவோடு கீழே இழுக்கிறது. சாய்வு கூடக் கூட முதல் கூறு குறைந்து இரண்டாவது வளரும். உலர்ந்த மணலைக் குவித்தால் 30 முதல் 35 பாகைக்கு மேல் நிற்காததற்கு இதுவே காரணம். மலைமண் அதைவிடச் செங்குத்தாக நிற்கிறதென்றால் களிமண்ணின் ஒட்டும் தன்மையும் வேர்களும் கைகொடுக்கின்றன.

மழை வந்து மண்ணை வழுக்க வைக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். முக்கியமான வேலை வேறு. மண்துகள்களுக்கு இடையே தேங்கும் நீர் தன் அழுத்தத்தால் மேலே உள்ள எடையின் ஒரு பங்கைத் தான் தாங்கிக்கொள்கிறது. துகள்கள் ஒன்றையொன்று அழுத்துவது குறைகிறது, உராய்வு விழுகிறது. கீழே இழுக்கும் கூறு மட்டும் அப்படியே இருக்கிறது. சாலை போட அடிவாரத்தை வெட்டினால் முட்டுக்கொடுத்த மண்ணே போய்விடும். நிலநடுக்கமும் மழையும் வெட்டும் தூண்டுபவை, நகர்த்துவது எடை. பெயரிலேயே அது இருக்கட்டும்.

கிளைச்சொற்கள்: பாறை வீழ்வு, பாறைக் கவிழ்வு, மண்சறுக்கு, பரவல், வேலிக்கற்களைச் சாய்க்கும் அந்த மெதுவான இறக்கத்துக்கு ஊர்வு. பாய்வு வகையில் ஒன்றுக்கு மட்டும் உதவி வேண்டும். 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலையை அழித்தது வெறும் சறுக்கு அல்ல. பாறையும் மரமும் சேறும் நீரும் கலந்து ஓடை வழியே கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர் பாய்ந்தது. மலையாளத்தில் இதை உருள்பொட்டல் என்கிறார்கள், கரை இடிவதை மண்ணிடிச்சில் என்று பிரித்துச் சொல்கிறார்கள். நாம் இரண்டையும் நிலச்சரிவு என்றே எழுதினோம். என்ன சொல் வைக்கலாம்?

—

வணக்கம் அண்ணா.

இலங்கையின் பதுளையிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் திணிவசைவு என்று படித்தவர்கள், அதையே படிப்பிக்கிறோம். ஆனால் தன்னெடைப் பெயர்வு என்றால் பிள்ளைகளுக்கு விளக்கமே பாதி தேவைப்படாது. சம்மதம்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மண்சரிவு என்ற சொல்லில் கைவைக்க வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 எங்கள் மாவட்டத்து மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் மண்ணுக்குள் போன பிறகு, இந்தச் சொல்லைக் கேட்டால் மலையகத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவார்கள். எச்சரிக்கை அறிவித்தலில் ஊர்வு, பாய்வு என்று பிரித்து எழுதினால் யாரும் அசையமாட்டார்கள். வகை பிரிப்பது வகுப்பறைக்கு இருக்கட்டும்.

உருள்பொட்டலை அப்படியே எடுக்க முடியாது, தமிழில் பொட்டல் வெறுந்தரை ஆகிவிடும். 'உருள்வெள்ளம்' சரிவருமா? உருளும் கல்லும் இருக்கிறது, வெள்ளமும் இருக்கிறது. ஓடைக்கரையில் வீடு கட்டக்கூடாது என்பதும் அந்தச் சொல்லிலேயே விளங்கும்.

—

தங்கச்சி, உருள்வெள்ளம் அருமை. அதையே எடுத்துக்கொள்கிறேன். எச்சரிக்கை பற்றிச் சொன்னதிலும் முழு உடன்பாடு. இந்தச் சொற்களை ஏற்றப்போகும் விக்சனரி இணைய அகராதிப் பக்கத்தில் மண்சரிவு, நிலச்சரிவு இரண்டையும் 'பொதுவழக்கு, அறிவிப்புகளுக்கு உரியது' என்ற குறிப்போடு அப்படியே வைக்கிறேன்.

மிச்சம் ஒன்று இருக்கிறது. உறைபனி நிலங்களில் அடியில் உறைந்த மண் நீரை உறிஞ்சாமல் தடுக்க, கோடையில் உருகிய மேல்மண் மட்டும் ஊறிக் குழைந்து நழுவும். 'குழைமண் ஊர்வு' என்று எழுதி வைத்திருக்கிறேன். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் எழுதுங்கள்.