முதலில் குறைய வேண்டியது பிறப்பா, வறுமையா?

தராசு:
"ஆப்பிரிக்காவில் இளைஞர்கள் பெருகுகிறார்கள், அடுத்த சீனா அங்கேதான்" என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். யாராவது கணக்குப் போட்டுப் பார்த்தார்களா? மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜர் 1960இல் விடுதலை பெற்றபோது அங்கே சுமார் 35 லட்சம் பேர். இன்று இரண்டரைக் கோடிக்கு மேல். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு குழந்தைகள். ஆண்டுக்கு 3.5 சதவீதம் வளர்ந்தால் 20 ஆண்டுகளில் மக்கள்தொகை இரட்டிப்பாகும். இருக்கிற ஒவ்வொரு பள்ளிக்கும் பக்கத்தில் இன்னொரு பள்ளி கட்ட வேண்டும், ஒவ்வொரு ஆசிரியருக்கும் துணையாக இன்னொருவரை நியமிக்க வேண்டும். இத்தனையும் செய்து முடித்தால், வகுப்பறை இன்றைக்கு இருப்பது போலவே நெரிசலாக இருக்கும்!

காற்றாடி:
தராசு ஐயா, மக்கள் பெருகினால் வறுமைதான் என்ற இந்த ஒப்பாரியை ஆங்கிலப் பொருளியலாளர் மால்தஸ் 1798இலேயே வைத்துவிட்டார். 1980இல் உயிரியலாளர் பால் எர்லிக்கும் பொருளியலாளர் ஜூலியன் சைமனும் கட்டிய பந்தயம் நினைவிருக்கிறதா? மக்கள் பெருகப் பெருகச் செம்பு, குரோமியம், நிக்கல், வெள்ளீயம், டங்ஸ்டன் எல்லாம் விலை ஏறும் என்றார் எர்லிக்; ஏறாது என்றார் சைமன். பத்து ஆண்டுகளில் உலகில் 80 கோடிப் பேருக்கு மேல் கூடினார்கள். பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் ஐந்தும் விலை இறங்கியிருந்தன. 1990இல் எர்லிக் சைமனுக்கு 576 டாலர் 7 சென்ட்டுக்குக் காசோலை அனுப்பினார். அந்த 7 சென்ட்டை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்புதான்.

தராசு:
சிரியுங்கள். வேறு பத்தாண்டைத் தேர்ந்தெடுத்திருந்தால் காசோலை எதிர்ப்பக்கம் போயிருக்கக்கூடும் என்று பொருளியலாளர்களே சொல்லியிருக்கிறார்கள். அது கிடக்கட்டும். உலகச் சந்தையில் செம்பு மலிந்தால் உழவனின் நிலம் நீளுமா? ஐந்து ஏக்கரை நான்கு பிள்ளைகள் பிரித்தால் ஆளுக்கு ஒன்றேகால் ஏக்கர். அவர்களுக்கும் நான்கு நான்கு பிள்ளைகள் என்றால் பேரனுக்கு 31 சென்ட். அதில் வரப்புக்கே கொஞ்சம் போய்விடும்.

காற்றாடி:
பேரன் ஏன் அந்த 31 சென்ட்டிலேயே நிற்க வேண்டும்? தென் கொரியாவில் 1960இல் ஒரு பெண்ணுக்கு ஆறு குழந்தைகள். உழவர் வீட்டுப் பிள்ளைகள் ஆலைக்குப் போனார்கள், நாடு எழுந்தது, பிறப்பு தானாக விழுந்தது. 2023இல் 0.72! இப்போது குழந்தை இல்லையே என்று அரசு தவிக்கிறது.

திண்ணைவாசி:
"தானாக" என்ற சொல்தான் எனக்கு இடிக்கிறது. கொரிய அரசு 1960களிலேயே குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை நடத்தியது. பொதுச் சுகாதாரம் படித்தவள் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். வங்கதேசத்தில் மத்லப் என்ற பகுதி. 1977 முதல் அங்கே பாதிக் கிராமங்களில் மட்டும், உள்ளூர்ப் பெண் பணியாளர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீடு தேடி வந்தார். மாத்திரையோ ஊசியோ, வேண்டியதை வீட்டிலேயே கொடுத்தார். வெளியே போக அனுமதி கேட்கத் தேவையில்லாததால் பெண்கள் ஏற்றுக்கொண்டார்கள். மறுபாதியில் வழக்கமான அரசுச் சேவை மட்டும். ஆலையும் இல்லை, செல்வமும் இல்லை. இருந்தும் முதல் பாதியில் பிறப்பு கூடுதலாகக் குறைந்தது. பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அந்தப் பெண்களின் உடல்நலமும் வருமானமும் மேலாக இருந்தன.

காற்றாடி:
அந்த மறுபாதியிலும் பிறப்பு குறைந்ததே அம்மா, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? இன்னொன்று, ஈரான். 1980களின் நடுவில் ஒரு பெண்ணுக்கு ஆறு குழந்தைகளுக்கு மேல் இருந்த விகிதம் சுமார் 20 ஆண்டுகளில் இரண்டுக்கு வந்தது. கொரியாவைப் போல வளம் வந்ததா? பொருளாதாரத் தடைகளும் ஆட்சியும் வழிமறித்தன. பிறப்பைக் குறைப்பதே மந்திரம் என்று நம்பிய அரசுகள் என்ன செய்தன என்பதையும் மறக்கக் கூடாது. இந்தியாவில் 1975–77 நெருக்கடிநிலைக் காலத்தில் ஆண்களை வளைத்துப் பிடித்துக் கருத்தடை அறுவை செய்தார்கள்.

தராசு:
கட்டாயத்தை இங்கே யாரும் ஆதரிக்கவில்லை. வங்கதேசத்தையே பாருங்கள். 1971இல் அது பாகிஸ்தானிலிருந்து பிரிந்தபோது, கிழக்கிலிருந்த அங்கேதான் மக்கள் அதிகம். இன்று பாகிஸ்தானில் 24 கோடிக்கு மேல், வங்கதேசத்தில் சுமார் 17 கோடி. தனிநபர் வருமானத்திலும் வங்கதேசம் முந்திவிட்டது.

காற்றாடி:
ஆயத்த ஆடைத் தொழிலால் முந்தியது.

தராசு:
அந்தத் தையல் இயந்திரங்களில் உட்கார்ந்தவர்கள் யார்? கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று என்று இருந்தால் எந்தப் பெண் ஆலைக்குப் போவாள்?

காற்றாடி:
ஆலை வந்ததால்தான் பெண்கள் மணத்தையும் பேற்றையும் தள்ளிப்போட்டார்கள் என்று நான் சொல்வேன். இரண்டும் ஒன்றையொன்று இழுத்தன என்று வேண்டுமானால் வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் இறங்கிவர மாட்டேன். சரி, திண்ணைவாசி அம்மா, வீடு தேடி வந்த அந்தப் பணியாளருக்குச் சம்பளம் கொடுத்தது யார்? நைஜர் போன்ற நாடு அதற்குப் பணத்துக்கு எங்கே போகும்?

திண்ணைவாசி:
பெரும்பாலும் வெளிநாட்டு நன்கொடைதான். இத்தகைய பணிகளுக்கு அதிகம் கொடுத்துவந்த அமெரிக்கா 2025இல் தன் உதவி நிறுவனத்தையே மூடிவிட்டது. உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தராசு ஐயாவிடம் இருந்தால் சொல்லட்டும்.