பாயிண்ட் பியூர்: சிறுவர்களுக்குத் தண்டனையா, மறுவாழ்வா?

தென்கடல்:
ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் போர்ட் ஆர்தர் சிறைக்கு எதிர்க்கரையில் இருந்தது பாயிண்ட் பியூர். பிரிட்டன் நாடுகடத்திய பையன்களுக்கென்றே 1834 முதல் 1849 வரை நடந்த சிறை அது. சுமார் 3,000 பேர் அங்கே இருந்திருக்கிறார்கள். அதை வெறும் கொடுமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பெரிய கைதிகளோடு சேர்த்து அடைக்காமல் பையன்களைத் தனியாக வைத்தார்கள். எழுதப் படிக்கவும், தச்சு, செருப்புத் தைப்பது, கல் கொத்துவது போன்ற தொழில்களும் கற்றுக்கொடுத்தார்கள். லண்டன் தெருவில் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்திருக்கும்?

கரிசல்:
தெருவை விட்டால் உலகத்தின் மறுகோடிதானா? ஜான் ஹட்சனைப் பாருங்கள். தாய் தகப்பன் இல்லை, புகைபோக்கி துடைக்கும் வேலை. 1783-ல் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் நிறுத்தியபோது வயது ஒன்பது. ஒரு வீட்டில் சட்டை, பட்டுக் காலுறைகள், கைத்துப்பாக்கி திருடுபோயின. மேசையில் கரி படிந்த சின்னக் கால்விரல் தடம் இருந்ததாக வீட்டுக்காரர் சாட்சி சொன்னார். தீர்ப்பு, 7 ஆண்டு நாடுகடத்தல். 1788-ல் ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளை ஏற்றிச்சென்ற முதல் கப்பல் தொகுதியோடு சிட்னி போய்ச் சேர்ந்தபோது அவனுக்குப் பதின்மூன்று.

ஏடு:
கரிசல், ஹட்சன் காலத்தில் பாயிண்ட் பியூரே கிடையாது. அரை நூற்றாண்டு இடைவெளியை மறந்து இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள். அதே சமயம் தென்கடல் சொல்வதிலும் ஒன்று விடுபடுகிறது. அங்கே பள்ளி இருந்தது போலவே கசையடியும் தனிச்சிறையும் இருந்தன. போர்ட் ஆர்தர் தேவாலயத்தின் அலங்காரக் கற்களைச் செதுக்கியது இந்தப் பையன்கள்தான். அதைத் தொழிற்பயிற்சி என்றும் சொல்லலாம், கூலியில்லாத வேலை என்றும் சொல்லலாம்.

தென்கடல்:
கசையடியை நான் மறைக்கவில்லை, ஏடு. ஆனால் அதற்கு முன்னால் சிறுவர்களை எங்கே வைத்திருந்தார்கள்? இங்கிலாந்தின் சேத்தம் துறைமுகத்தில் யூரியாலஸ் என்ற பழைய போர்க்கப்பலில் அடைத்திருந்தார்கள். அதோடு ஒப்பிட்டால் பாயிண்ட் பியூர் ஒரு முன்னேற்றம். கைத்தொழிலோடு வெளியே வந்தவன் பிழைத்துக்கொள்வான்.

கரிசல்:
சரி ஏடு, காலம் வேறுதான். ஆனால் நாடுகடத்தும் முறை அதேதானே? தென்கடல், நீங்கள் கப்பலோடு ஒப்பிடுகிறீர்கள், நான் வீட்டோடு ஒப்பிடுகிறேன். ஏழு வருடம் முடிந்தாலும் ஊர் திரும்ப அரசு கப்பல் கட்டணம் தராது. கையில் காசில்லாத பையனுக்கு அது ஆயுள் தண்டனைதான். கைத்தொழில் கற்றுக்கொடுக்கத்தான் எண்ணம் என்றால் இங்கிலாந்திலேயே செய்திருக்கலாம். 1838-ல் வைட் தீவில் பார்க்ஹர்ஸ்ட் சிறுவர் சிறையைத் திறந்து அதைத்தான் செய்தார்கள். அப்புறம் அந்தப் பையன்களிலும் பலரை மேற்கு ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கப்பலேற்றினார்கள். தொழில் கற்ற பிள்ளையைக்கூட ஊரில் இருக்க விடவில்லையே, அதை எப்படி மறுவாழ்வு என்கிறீர்கள்?