'ரெசிடுவல் குளோரின்': எச்சமா, எஞ்சுவதா, காப்பா?

குழுவினருக்கு வணக்கம்.
குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலைய ஆபரேட்டர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சொல் மட்டும் இடிக்கிறது: 'ரெசிடுவல் குளோரின்'. கலந்த குளோரினில் இரும்பு, அம்மோனியா, கரிமப் பொருள்கள் தின்றதுபோக நீரில் நிற்பது. 30 நிமிடத் தொடர்பு நேரத்துக்குப் பின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம், கடைசிக் குழாயில் 0.2-க்குக் குறையக் கூடாது. 'எச்சக் குளோரின்' என்று வைத்திருக்கிறேன்.

> எச்சக் குளோரின்

எஞ்சு, எச்சம்; மிஞ்சு, மிச்சம். வேர் சரிதான். ஒருவரின் தகுதியை எச்சத்தால் அறியச் சொல்கிறது குறள். குளோரினையும் போட்ட அளவால் அல்ல, எஞ்சிய அளவால்தானே எடைபோடுகிறோம்! ஆனாலும் இன்றைய வழக்கில் எச்சம் என்றதும் பறவைதான் நினைவுக்கு வரும். குடிநீருக்கு ஆகாது. வினைத்தொகையாக 'எஞ்சுகுளோரின்' எனலாம்: நிலையத்தில் எஞ்சியது, குழாயில் எஞ்சுகிறது, கடைசி வீட்டில் எஞ்ச வேண்டியது என முக்காலமும் அடங்கும். வல்லினம் மிகாது, 'எஞ்சுக்குளோரின்' பிழை.

> எஞ்சுகுளோரின்

ஐயா, இரவுப் பணியில் பதிவேடு எழுதுபவருக்கு வினைத்தொகை எதற்கு? தவறிப்போய் மீந்த பொருளல்ல இது. குழாய் விரிசலில் அழுக்கு புகுந்தால் கிருமியைத் தடுக்கவென்றே விட்டுவைப்பது. 'காப்புக் குளோரின்' என்றால் வேலையும் விளங்கும்.

> காப்புக் குளோரின்

இந்தச் சொல் ஆபத்தானது. அம்மோனியாவோடு சேர்ந்த குளோரினும் எஞ்சியதில் சேர்த்தி. அது கிருமியைக் கொல்வது மிக மெதுவாக. குளோரினை அளக்கும் டிபிடி சோதனையில் முதல் மாத்திரைக்கு வரும் இளஞ்சிவப்பு, அப்படிச் சேராத தனிக் குளோரினைக் காட்டும். மூன்றாம் மாத்திரையும் போட்டால் மொத்தம். மொத்தம் 0.5, தனி 0.1 என்றால் காப்பு எங்கே? நீரின் அமில-கார அளவான பிஎச் 8-ஐத் தாண்டினால் தனிக் குளோரினிலும் பெரும்பகுதி வீரியம் குறைந்த ஹைப்போகுளோரைட் ஆகிவிடும். கலங்கலான நீரில் துகளுக்குள் ஒளிந்த கிருமியையும் அது எட்டாது. அளவைக் குறிக்கும் சொல்லில் பயனை ஏற்றாதீர்கள். பதிவேட்டில் தனி, சேர்ந்தது, மொத்தம் என மூன்று கட்டம் போடுங்கள். முன்னொட்டாக எந்தச் சொல் வந்தாலும் எனக்குச் சம்மதம்.

> மூன்று கட்டம்

போட்டுவிட்டேன், நன்றி. ஐவரில் மூவர் 'எஞ்சிய குளோரின்' போதும் என்று தனிமடலில் எழுதியிருக்கிறார்கள். அதையே அனுப்புகிறேன்.

> எஞ்சிய குளோரின்

'எஞ்சிய' இறந்தகாலப் பெயரெச்சம். நாளைக் காலை கடைசிக் குழாயில் இருக்க வேண்டியதை அது எப்படிச் சொல்லும்? அடுத்த பதிப்புக்காவது என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.