மெட்டாகிளாஸை வளர்ப்பதா, எடுத்துவிடுவதா?

பச்சைஇலை (கோத்தகிரி)
இங்குள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு இலை எடைக் கணக்கைப் பைத்தான் நிரல்மொழியில் எழுதி வருகிறேன். விவசாயி மூட்டையைத் தராசில் வைத்ததும் சாக்கு எடையும் ஈரக் கழிவும் போக, நிகர எடை ரசீதில் வர வேண்டும். காய்ந்த இலை, ஈர இலை என்று வகைக்கு ஒரு கிளாஸ். புது வகை எழுதினால் தானாகப் பட்டியலில் சேர, கிளாஸ்களையே உருவாக்கும் கிளாஸான மெட்டாகிளாஸ் ஒன்றை, பைத்தானின் அடிப்படை மெட்டாகிளாஸான டைப்பிலிருந்து எழுதி வைத்திருந்தேன். நேற்று, வாரிசுகள் கட்டாயம் எழுத வேண்டிய மெத்தடுகளை வற்புறுத்தும் ஏபிசியையும் தாய் கிளாஸில் சேர்த்ததும் 'மெட்டாகிளாஸ் கான்ஃப்ளிக்ட்' என்று டைப்எரர். என் மெட்டாகிளாஸை, ஏபிசியின் மெட்டாகிளாஸான ஏபிசிமெட்டாவின் வாரிசாக மாற்றினால் ஓடுகிறது. இப்படியே விடலாமா?

மலைரயில்
ஓடும் தம்பி. ஒரு கிளாஸுக்கு ஒரே மெட்டாகிளாஸ்தான். அது தாய் கிளாஸ்கள் எல்லாவற்றின் மெட்டாகிளாஸ்களுக்கும் வாரிசாக இருக்க வேண்டும். உங்களுடையதும் ஏபிசிமெட்டாவும் டைப்பின் இரண்டு பிள்ளைகள், எதை எடுப்பது என்று பைத்தானுக்குத் தெரியவில்லை. நீங்கள் செய்தது அதைத் தீர்த்துவிட்டது.

ஆனால் நான் அதை எடுத்தே விடுவேன். பட்டியலில் சேர்க்கும் வேலைக்கு 2016 கடைசியில் வந்த பைத்தான் 3.6 முதல், வாரிசு கிளாஸ் உருவாகும்போது தானாக ஓடும் இனிட் சப்கிளாஸ் இருக்கிறது, மூன்று வரி. நாளைக்கு டேட்டாபேஸில் சேமிக்க ஜாங்கோ மாடல் வேண்டும் என்பீர்கள். அதற்கு மாடல்பேஸ் என்று தனி மெட்டாகிளாஸ், மறுபடியும் ஒட்டுப்போட வேண்டும். இனிட் சப்கிளாஸில் சூப்பர் வழியாகத் தாய் கிளாஸின் இனிட் சப்கிளாஸையும் கூப்பிட்டுவிட்டால் எத்தனை தாய் கிளாஸ் வந்தாலும் சண்டை இல்லை.

அருவங்காடு
அண்ணா, பட்டியல் வரைக்கும் சரி. ஆனால் இனிட் சப்கிளாஸ் கூப்பிடப்படும்போது கிளாஸின் உடல் ஓடி முடிந்திருக்கும், ஒரே பெயர் இரண்டு முறை வந்தது அதற்குத் தெரியாது. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஈரக்கழிவு என்ற மெத்தட் ஒரே கிளாஸில் இரண்டு முறை இருந்தது. மேலே புதியது, 8 சதவீதம். இருநூறு வரி கீழே பழையது, 12. பைத்தான் ஒரு வார்த்தை சொல்லாது, கீழே இருப்பதுதான் நிற்கும். ஐப்பசி மழையில் நாலு நாள் ஒவ்வொரு நூறு கிலோவிலும் 4 கிலோ கூடப் போனது. ஒரு பாட்டி ரசீதையும் தன் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகுதான் தெரிந்தது.

ஓடும் நேரத்தில் இதை மெட்டாகிளாஸின் பிரிப்பேர் என்ற மெத்தட் மட்டுமே பிடிக்கும். உடல் ஓடும் முன்பே, அதில் வரும் பெயர்களைச் சேர்த்து வைக்க நம்முடைய டிக்ஷனரியைக் கொடுக்கிறோம். ஒரே பெயர் இரண்டாம் முறை வந்தால் அங்கேயே நிறுத்துகிறோம். பைத்தானில் மாறாத மதிப்புகளுக்குப் பெயர் வைக்கும் ஈனம் (Enum) இதையேதான் செய்கிறது.

மலைரயில்
அதை, நிரலை ஓட்டாமலே பிழை தேடும் ஃபிளேக்8 பிடிக்குமே. அப்புறம், மதிப்பைப் படிக்கும் ப்ராப்பர்ட்டியும் அதை மாற்றும் செட்டரும் ஒரே பெயரில்தான் வரும். உங்கள் டிக்ஷனரி அதையும் தடுக்குமே?

அருவங்காடு
தடுத்தது. பழைய மதிப்பு ப்ராப்பர்ட்டியாக இருந்தால் விட்டுவிடு என்று ஒரு வரி சேர்த்தேன். ஃபிளேக்8 இரட்டை மெத்தடைச் சொல்லும், ஒத்துக்கொள்கிறேன். வெறும் மதிப்பை இரண்டு முறை எழுதினால் சொல்லாது. மேலும் தராசுக் கணினியில் ராத்திரி அவசரமாகத் திருத்துகிறவர் அதை எங்கே ஓட்டப் போகிறார்? முதல் மூட்டை ஏறும் முன் நிரலே நிற்க வேண்டும்.

மலைரயில்
தராசுக் கணினியில் கை வைப்பதையே தடுக்க வேண்டும் அம்மா. இந்த டிக்ஷனரியை அடுத்து வருகிறவர் படித்துப் புரிந்துகொள்ள ஒரு வாரம் ஆகும். அதற்கும் யாராவது கூலி தர வேண்டும்தானே?

பச்சைஇலை
அண்ணா, பட்டியலை இனிட் சப்கிளாஸுக்கு மாற்றிவிட்டேன், இருபது வரி குறைந்தது. அக்கா சொன்ன டிக்ஷனரியையும் போட்டு ஓட்டினேன். ஈர இலை கிளாஸில் நின்றது. சாக்கு எடை மேலே 1 கிலோ, கீழே ஒன்றரை. ஃபிளேக்8 ஓட்டிப் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

மலைரயில்
எப்போதிலிருந்து?

பச்சைஇலை
போன வாரம் நான் திருத்தியதிலிருந்து. ரசீது நகல்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன், நாளை காலை தொழிற்சாலைக்குப் போகிறேன்.